காலுக்குப் போன தலையணை

என் வீட்டு மகாராணிக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நாள் முழுக்க நின்னு இஸ்திரி போடுறதுல கால் நரம்பு மட்டும் கொஞ்சம் புடைச்சு சுருண்டுக்கிச்சு, பயப்படாதே. உள்ளே இருக்கிற அழற்சி தணிய டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆரஞ்சுத் தோல்ல இருக்கிற சத்துதானாம். அப்போ மாத்திரை எதுக்குன்னு தோலையே மென்னேன், வேப்பங்காய் தோத்துச்சு! கூட தங்கியிருக்கிறவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இப்போ ஒழுங்கா மாத்திரையே போடுறேன்.

படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கணுமாம். இருந்த ஒரே தலையணை காலுக்குப் போயிடுச்சு. தலைக்கு மடிச்சு வச்சுக்க உன் பழைய புடவை ஒண்ணு அனுப்பு. இங்கே என் கைக்கு வர்ற துணியெல்லாம் சோப்பு வாசனைதான். புடவையைத் துவைக்காம அனுப்பு.

வேலைக்குக் கூப்பிடுறாங்க.

உன் இஸ்திரிக்காரன்