ஸ்டெல்லா அக்கா கண் திறந்து பாடினார்

சனிக்கிழமை, பாக்கார் ஆராங் மண்டபம்

இன்று ஸ்டெல்லா அக்காவைக் கண்ணைத் திறந்து பாடச் சொன்னேன். அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

எங்கள் லூனாஸ் ஊர்த் திருச்சபைப் பாடகர் குழுவும் சிம்பொனி இசைக்குழுவும் இன்றுதான் முதன்முறையாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். இரண்டையும் கையசைத்து நடத்துபவன் நான். சபையில் எல்லோரும் கண்ணை மூடித்தான் பாடுவார்கள். முன்நின்று பாடும் அக்கா கடைசி வரியை மனம் நிறையும்வரை இழுப்பார். மற்றவர்கள் அவர் மூச்சைக் கேட்டே நிறுத்துவார்கள். வயலின்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? பாடிப் பார்த்த மூன்று முறையும் அவர்கள் முடித்த பிறகும் அக்காவும் குழுவும் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, கண்ணத் தொறந்து என் கையப் பாருங்க. கை நின்னா நிறுத்திடுங்க."

நான்காம் முறை சரியாக நிறுத்தினார். வயலின்காரர்கள் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

கூலிமில் தான் வேலை பார்க்கும் பேக்டரி ஷிப்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"பாட்டு சரியாத்தான் வந்துச்சு தம்பி. ஆனா இன்னிக்கு நான் ஜெபம் பண்ணல லா."

இசை படிக்கப் போவதற்கு முன், அவர் பக்கத்தில் நின்று கண்ணை மூடிப் பாடியவன்தான் நானும். அந்த இருட்டுக்காக இன்று ஏங்கிப்போனேன்.

எல்லோரும் போன பிறகு, காலி மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசி வரியைப் பாடினேன். மனம் நிறையும்வரை இழுக்க நினைத்தேன். நாலு எண்ணுவதற்குள் குரல் தானாக நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது, என் வலது கை நிறுத்தச் சொல்லி உயர்ந்திருந்தது.