துணி காயப்போட இடம்

திருவண்ணாமலை,
சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள்.

சினேகா அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது. நானும் பிள்ளையும் சௌக்கியம். விசாகப்பட்டினத்தில் நீங்களும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வீட்டுப் பேச்சை எடுத்தாலே உங்கள் துறைமுகத்தில் கிரேன் சத்தம் ஜாஸ்தியாகிவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. பௌர்ணமி தவறாமல் நம் மாடி அறையில் வந்து தங்கும் நூகரத்தினம்மா விசாகப்பட்டினத்துக்காரர்தான். நாளைக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை வேர்க்கடலை இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் அம்மா அனுப்பியது. "அவனுக்கு வறுத்துக் குடுக்க அங்க யாரு இருக்கா"ன்னு கேட்டார்கள். வறுத்தே வைத்திருக்கிறேன்.

நேற்று ஊர் தாங்கவில்லை. செங்கம் ரோட்டில் பஸ்ஸையெல்லாம் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அறைகள் நிரம்பிய பிறகு ஒரு குடும்பம் வந்து மொட்டைமாடியிலாவது படுத்துக்கொள்கிறோம் என்றது. குரங்குகளுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம் என்றேன். சிரித்துக்கொண்டே அடி அண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்கள்.

வீட்டு ஓனர் சகாதேவன் அண்ணன் நேற்று முன்தினம் வந்தார். பொங்கலுக்கு வந்திருந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நினைவிருக்கும். "மே மாசத்தோட எல்லாரும் அங்கதான், அண்ணங்கிட்ட சொல்லிடு" என்றீர்கள். நானும் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், சொன்னதை நம்பினார். அறைகளைப் பார்த்துக்கொள்ள காசி என்று ஒருவரையும் அவர் மனைவியையும் பேசி முடித்துவிட்டார். ஜூன் பிறந்ததும் நாம் இருக்கும் கீழ்ப் போர்ஷனுக்கு அவர்கள் வருகிறார்கள். அந்தப் பெண் வந்து சமையலறையை அளந்துவிட்டுக்கூடப் போனாள். நல்ல பெண்தான். ஊருக்கெல்லாம் அறை காட்டுகிற எனக்கு அடுத்த மாதம் இருக்க இடமில்லை. நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

சினேகாவுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கியாகிவிட்டது. கூடப் படிக்கிற பிள்ளைகள் கேக் வெட்டி அனுப்பிவைத்திருக்கிறார்கள். அலை வீட்டு வாசல் வரைக்கும் வருமா என்று தினமும் கேட்கிறாள். அப்பாவைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி வீட்டு விஷயம். முதலில் பார்த்த வீட்டில் உப்புக்காற்று, ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது என்றீர்கள். சரி என்றேன். அடுத்ததில் லிஃப்ட் இல்லை. அதற்கடுத்ததில் தண்ணீர் கரித்தது. கடைசியாகப் பார்த்தது நன்றாக இருந்தது, ஆனால் சின்னப் பிள்ளை இருக்கிற குடும்பத்துக்குத் தர மாட்டோம் என்று ஓனர் சொல்லிவிட்டார் என்றீர்கள்.

நான் இத்தனை வருஷமாக அறை காட்டுகிறவள். வந்தவர் தங்குவாரா மாட்டாரா என்பது செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். தங்காதவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், வாஸ்து பேசுவார்கள், மலை முழுசாகத் தெரியவில்லையே என்பார்கள். போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தங்குகிறவர்கள் இதில் எதையும் பார்ப்பதில்லை. துணி எங்கே காயப்போடுவது என்று கேட்பார்கள். நான் மாடிக்குக் கூட்டிப்போய், குரங்குக்காக வலை அடித்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டுவேன். அதோடு முடிந்தது. உள்ளூர்க்காரரோ வெள்ளைக்காரரோ, இதில் வித்தியாசம் கிடையாது.

பார்த்த வீடுகளைப் பற்றி நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று ஒரு வீட்டிலும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கடைசி வீட்டின் போட்டோவை எனக்கு அனுப்பினீர்கள். கேட்டில் ஒரு போர்டு தொங்கியது, எழுத்தெல்லாம் தெலுங்கு. எழுத்து எனக்குத் தெரியாது, நம்பர் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. நீங்கள் ஆடி மாதம் கிளம்பியபோது எனக்கு 'வாங்க' என்பதற்கு 'ரண்டி' என்பதைத் தவிர வேறு தெலுங்கு வராது. இப்போது இங்கே தங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆந்திராக்காரர்கள். வெந்நீர் வரவில்லை என்று அவர்கள் சண்டைக்கு வந்தால் திருப்பிச் சண்டை போடும் அளவுக்குப் பழகிவிட்டேன். அதனால் போர்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

ஒரு அம்மா எடுத்தார். சின்னப் பிள்ளை இருந்தால் வீடு தர மாட்டீர்களாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். "யாரும்மா சொன்னது? எங்க வீட்லயே பசங்க கத்திக்கிட்டுதான் இருக்கு. ஒண்டி ஆளுக்குத்தான் நாங்க குடுக்கறதில்ல. போன வாரம் ஒருத்தரு வந்தாரு, தமிழ்க்காரரு, போர்ட்டுல கிரேன் ஓட்டறாராம். குடும்பம் ஊரோட இருக்காங்க, வரமாட்டாங்க, நான் மட்டும்தான்னாரு. அதான் இல்லன்னுட்டோம்" என்றார். அவர் சொன்ன தெலுங்கு அவ்வளவும் எனக்குப் புரிந்தது.

நீங்க யாருன்னு கேட்டார். வீடு தேடுகிறவள் என்றேன். அது பொய்யில்லை. துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று கேட்டேன். பின்பக்கம் பெரிய பால்கனி இருக்கிறதாம், கடல் காற்றுக்குப் போட்ட கையோடு காய்ந்துவிடுமாம்.

கோபம் வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது. அன்றைக்குச் சோறு குழைந்துபோனது, பிள்ளையைக் காரணமில்லாமல் திட்டினேன். இப்போது ஆறிவிட்டது. அழுகைதான் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் வைக்கப்போவதில்லை.

அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படி இருக்காது என்றுதான் தோன்றுகிறது. தனியாக இருப்பது உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும். அது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. வீட்டை விட்டுவிட்டு வந்து மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் நான் இத்தனை நாளாக அறை திறந்துவிடுகிறேன். அவர்களுடைய மனைவிமார்கள் எனக்குப் போன் செய்வார்கள். மூலை அறையில் இருக்கும் புனேக்காரரின் மனைவி வாரம் தவறாமல் கூப்பிடுவார். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நன்றாக இருக்கிறார் என்று சொல்வேன். அவர் இங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்பதை மட்டும் நான் அந்த அம்மாவிடம் சொன்னதில்லை.

விசாகப்பட்டினத்துக்குப் போன் போட்டு வைத்த பிறகு எனக்கு அந்தப் புனே அம்மாவின் நினைப்புதான் வந்தது. கட்டின புருஷனைப் பற்றி முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரியிடம் விசாரிப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. என்னை அந்த மாதிரி ஆக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

வர வேண்டாம் என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். இந்தத் தெருவில் எனக்கு ஒரு அறை கிடைக்காமல் போகாது. வேறு வேலை தேடிக்கொள்வேன், சினேகாவையும் பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்த்துவிடலாம். அவளுக்கு மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உப்புக்காற்று, லிஃப்ட் என்று அவளிடம் சொல்லாதீர்கள், அவள் நம்பிவிடுவாள்.

நூகரத்தினம்மா உங்கள் துறைமுக கேட்டுக்கு வெளியே நின்று இதைக் கையிலேயே கொடுப்பார். வெயிலில் நிற்க வைக்காமல் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். வேர்க்கடலையை டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள், அந்தக் காற்றுக்கு நமுத்துவிடும்.

அண்ணாமலையார் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், தனியாக இருந்தாலும். நீங்கள் கடைசியாகப் பார்த்த அந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நேற்றும் கேட்டுவிட்டேன். குடும்பம் இருந்தால் நாளைக்கே சாவி தருகிறேன் என்கிறார் அந்த அம்மா. இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எழிலரசி