விஷ டின்னைக் கழுவிப் புழங்கலாமா என்ற கேள்விக்கு விடை தராத பயிற்சி முகாம்

அனுப்புநர்:
மு. பவளம் (வயது 18),
கற்பிப்பவர், முறைசாராக் கல்வி மையம்,
மேட்டுக்கொல்லை, உத்திரமேரூர் வழி,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட அலுவலர் அவர்கள்,
முறைசாராக் கல்விப் பிரிவு,
காஞ்சிபுரம்.

பொருள்: சுற்றுப்புறம் பற்றிக் கற்பிப்போருக்கு நடந்த பயிற்சியின் கேடான நிலை குறித்தும், உருப்படியான பயிற்சி வேண்டியும்.

மதிப்புக்குரிய அலுவலர் ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

1. சென்ற மாதம் உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. உள்ளே போனதும் நான் முதலில் கண்டது குடிதண்ணீர் அண்டாவில் கிடந்த மொள்ளும் டப்பா. பூச்சிமருந்து டின்னைப் பாதியாக வெட்டி, மரப்பிடி அடித்திருந்தார்கள். லேபிளைச் சுரண்டியிருந்தும் மண்டையோட்டின் ஒரு கண் மிச்சமிருந்தது. அதற்கு நேர் மேலே ‘சுற்றுப்புறம் காப்போம்’ என்று துணி கட்டியிருந்தது. சமையல்காரரிடம் சொன்னேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை போலும்.

2. எங்கள் ஊரில் நெல்லுக்கு மருந்தடித்து முடிந்ததும் காலி டின்னை, அடித்த ஆளுக்கே கொடுத்துவிடுவது வழக்கம். மூடி இறுக்கமாக இருப்பதால் அதற்குப் போட்டி உண்டு. பெண்கள் அதை ஏரிச் சேற்றில் சில நாள் புதைத்து வைப்பார்கள். சேறு விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. வாசனை போனதும் எடுத்துக் கழுவி எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். புதைத்த இடத்தருகே கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். இது சரியா என்று என் மையத்துக்கு வரும் சிட்டம்மாள் என்பவர் கேட்டார். கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் கூடாது என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பயிற்சியில் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

3. பயிற்சியில் மாலை போடுவதிலும் வரவேற்பிலும் முதல் நாள் போயிற்று. மறுநாள் இமயமலைக் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் படம் காட்டினார்கள். ஏரி, கிணறு, மருந்து என்ற பேச்சே இல்லை. பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாததால் நாங்கள் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எச்சில் இலைகளையும் மிஞ்சிய குழம்பையும் வாய்க்காலிலேயே கொட்டினார்கள். அந்த வாய்க்கால் ஏரிக்குத்தான் போகிறது. சுற்றுப்புறத் தூய்மையைப் பற்றிப் பேசவந்தவர்கள் அதில்தான் கையும் கழுவினார்கள்.

4. எழுந்து கேட்க எனக்குக் கூச்சம். மூன்றாம் நாள் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பயிற்சி கொடுத்தவர் அதை எல்லோர் முன்பும் படித்துவிட்டு, “டின்னுக்குக்கூட ஒரு வகுப்பு எடுக்கணுமாம்பா” என்று சிரித்தார். பிறகு, “வாசனை போச்சுன்னா விஷமும் போச்சு. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லும்மா” என்று முடித்துவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

5. அவர் சொன்னதை ஊரில் அப்படியே சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, எதற்கும் அந்த டின் வேண்டாம் என்றும் சொன்னேன். அதற்குச் சிட்டம்மாள், “படிச்ச ஆபீசரு பரவால்லன்றாரு. ஒம்பதாவது படிச்ச நீ வாணான்றே. நான் யாரு பேச்சக் கேக்கறது? மூணு நாளு குந்திக்கினு சோறு துன்னுட்டு வந்தியே, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியுதா உனுக்கு?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை.

6. அடுத்த வாரம், அப்படிக் கழுவிய டின்னில் வைத்திருந்த எண்ணெயில் அவர் வடை சுட்டார். வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. சின்ன மகள் செல்லிக்கு வாயில் நுரை தள்ளிவிட்டது. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை பிழைத்துவிட்டது. இன்னும் கை நடுங்குகிறது, சோற்றைச் சிந்துகிறது. எவ்வளவு கழுவினாலும் அந்த டின் ஆகாது, ஓட்டை போட்டு, தண்ணீர் போகாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும் என்று நர்ஸம்மா கட்டிலருகே நின்றே சொல்லிவிட்டார். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது ஐயா? சிரித்தவரும் இதைத் தெரிந்து வந்திருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

7. எனவே தங்களை வேண்டுவது: எங்களுக்கு மறுபடி பயிற்சி நடத்த வேண்டும். என்ன சொல்லித்தர வேண்டும் என்று முன்னதாக எங்களையே கேட்க வேண்டும். விவசாய அலுவலரும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களும் வந்து தமிழில் பேச வேண்டும். மண்டபத்தை விட்டு ஏரிக்கும் கழனிக்கும் கூட்டிப்போய்க் காட்டினால் நாங்களும் காட்ட முடியும். விடை தெரியாத கேள்விக்கு, விசாரித்துத் தெரிந்துகொண்டு பிறகு பதில் சொல்ல ஏற்பாடு வேண்டும். கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பெண்களுக்குக் கழிப்பிடமும் சுத்தமான தண்ணீரும் இல்லாத இடத்தில் நடத்தவே வேண்டாம். சென்ற பயிற்சியை நடத்தியவர்களைத் தாங்கள் விசாரிக்க வேண்டும். நாற்று நட்டதும் மறுபடி மருந்தடிப்பு தொடங்கிவிடும். அதற்குள் தங்கள் நடவடிக்கை வந்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இது நேராது.

8. எங்கள் ஊரில் பெரும்பாலான கழனிகள் தாண்டவராயன் அவர்களுடையவை. நேற்றுச் சாயங்காலம் நான் அவருடைய களத்துக்குப் போய், இனிமேல் காலி டின்னை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று, அவருடைய ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி அவரிடம் சொன்னேன்.

இடம்: மேட்டுக்கொல்லை
நாள்: 18.7.1984

இப்படிக்கு,
மு. பவளம்