சுவர் முனகுகிறது

மார்ச் 4, செவ்வாய்

மண் கோப்பை சுடும் மின்சாரச் சூளை வந்துவிட்டது. என் இடுப்பளவு உயரம், உள்ளே வெள்ளைச் செங்கல். மூடியைத் திறந்தால் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்து நான் கண்ட கனவு இப்போது பின்னறை மூலையில் நிற்கிறது.

கொண்டுவந்தவர், "பழைய வீடா இருக்கு, இதுக்குத் தனி லைன் போட்டுக்கங்க" என்றார். சரி சரி என்றேன். காதுதான் கேட்டது. நான் நீலத்தில் இருந்தேன். விடிவதற்குச் சற்று முன்னால் ஒரு நீலம் உண்டு, கறுப்பிலிருந்து இப்போதுதான் பிரிந்து வந்தது போல. அந்த நிறத்தில் ஒரு கோப்பையாவது செய்துவிட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

முதல் சூடு. சூளை மின்சாரம் இழுக்கும்போதெல்லாம் கூடத்து விளக்கு மங்கி, மறுபடி நிமிர்கிறது. வீடு கண்ணை மூடித் திறப்பது போல. வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரத்தில் ஃபியூஸ் போனது. கோப்பைகள் அரைவேக்காடு.

மார்ச் 10, திங்கள்

மறுபடியும் போனது.

மார்ச் 11, செவ்வாய்

புத்தகக் கடையில் தேநீர் மேசை போடுகிறார்களாம். இருபத்துநான்கு கோப்பை, மாதக் கடைசிக்குள். ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று ஃபியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டேன். வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. போகவே இல்லை! சாயங்காலம் சூளை முழுச் சூட்டைத் தொட்டபோது கூடத்தில் தனியாக இங்கும் அங்கும் நடந்தேன்.

மார்ச் 13, வியாழன்

மாமா, அதாவது இவருடைய அப்பா, அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர். பார்வை போய் மூன்று வருடமாகிறது. பிழை பார்ப்பது மட்டும் போகவில்லை. செய்தி வாசிப்பவரின் ழகரம், என் செருப்புச் சத்தம், கஞ்சியில் உப்பு, எதையும் விடமாட்டார். இவர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'திருத்தம்'. "திருத்தம் இன்னிக்கு எத்தனை பக்கம் முடிச்சாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் வேலையிலிருந்து வருவார்.

இன்றைய பக்கம்:

"தலைமாட்டுச் சுவர் முனகுதும்மா."

"சுவர் எப்படி மாமா முனகும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நீல மெருகுக்குச் சாம்பலும் கோபால்ட்டும் எவ்வளவுக்கு எவ்வளவு என்பதே மதியம் முழுக்க மனதில் மிதந்தது.

மார்ச் 15, சனி

"யாரு மீன் பொரிக்கிறது?" என்று மாமா கேட்டார். மீன் வாங்கியே ஒரு மாதம் இருக்கும். ஜன்னலைத் திறந்து காட்டினேன். "வெளியில இல்ல, இங்கதான்" என்றார்.

இவர் என்னை ஓரமாக அழைத்து, "அப்பாவை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா? இல்லாததெல்லாம் கேக்குது, மணக்குது" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? பின்னறையில் ஒரு அடுக்கு கோப்பை வெந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. கூடம் முழுக்கத் தண்ணீர், அதில் என் கோப்பைகள் கவிழாமல் போய்க்கொண்டிருக்கின்றன. எழுந்து சூளையைத் திறந்தால் ஒரே ஒரு கோப்பையில், விளிம்புக்குக் கீழே விரல் அகலத்துக்கு, அந்த நீலம்.

மார்ச் 18, செவ்வாய்

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுதினால் மனசு அடங்கும்.

மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். மாமா தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றி வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். "அந்தப் பக்கம் சுடுதும்மா" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன குரல்.

சுவரைத் தொட்டேன். காய்ச்சல்காரர் நெற்றி போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், நடையில், ஃபியூஸ் பெட்டி. ஓடினேன். மூடியில் கை வைக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கும் வந்தது — மீன் வாடை.

மெயினை இறக்கினேன். வீடு முழுக்க ஒரு நொடியில் அடங்கிப்போனது.

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்? அந்த மனுஷன் தலைக்கு ஒரு சாண் தள்ளி. கண்ணு தெரியாதவரு. நான் கடைக்குப் போயிருந்தா? நினைக்கவே முடியல.

மார்ச் 19, புதன்

எலக்ட்ரீஷியன் அக்கா வந்தார். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். ஃபியூஸைப் பிடிக்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. ஒயரின் மேலுறை அவர் விரல் பட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது. முறுக்கிய கம்பியை எடுத்துக் காட்டி, "இது யார் கைவேலை?" என்றார்.

"என்னோடதுதான்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபியூஸ் போறது தொந்தரவுன்னு நினைச்சுட்டீங்க. அது போகணும்மா, அதுக்குத்தான் வெச்சிருக்கு. நீங்க அதோட வாயை அடைச்சீங்க, சூடு ஒயர்ல போய் உக்காந்துடுச்சு." பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அடிக்கடி ஃபியூஸ் போச்சா, விளக்கு மங்குச்சா, பெட்டி சுட்டுச்சா, ஒயர் உறை கருகுனா வர்ற மீன் வாடை வந்துச்சா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"ஒண்ணு வந்தாலே ஆளைக் கூப்பிட்டுக் காட்டணும். இது நாலு விளக்கும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்துப் பெட்டி. மாத்தியே ஆகணும், மீட்டர்லேர்ந்து வர்ற ஒயரோட. இத்தனை நாள் முனகியிருக்குமே, யாருமே கேக்கலையா?"

"நான் கேட்டேன்" என்றார் மாமா, உள்ளறையிலிருந்து.

இவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. என்ன பேசினார்களோ, பேசினார்களோ இல்லையோ.

மார்ச் 22, சனி

மின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. திங்கள்தான் வேலை. நான்கு நாளாக வீட்டில் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. வெயில் கூடத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டு மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். பழுப்பிலிருந்து பொன், பொன்னிலிருந்து ரோஜா. நிறம் நிறமாக அவருக்குச் சொன்னேன். "ரோஜா இல்ல, இந்நேரத்துக்குச் செங்கல்" என்று திருத்தினார். பார்த்தேன். செங்கல்தான்.

அப்போது சொல்லிவிட்டேன். தெரிந்தே கம்பியை முறுக்கினேன் என்று. உங்கள் பேச்சைக் கேட்காதது மாதிரி இருந்தேன் என்று.

முழங்காலைத் தடவிக்கொண்டே மாமா சொன்னார்:

"நான் எத்தனை பிழையை விட்டிருக்கேன் தெரியுமா? அச்சாகி வந்த அப்புறம் கண்ணுல படும். அன்னிக்குச் சோறு இறங்காது. இது இன்னும் அச்சுக்குப் போகலையேம்மா."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

புதுப்பெட்டி, புது இடத்தில், வாசற்பக்கச் சுவரில். சூளைக்குத் தனி ஒயர், தனி சுவிட்ச். மின்சாரம் விடுவதற்கு முன் மாமா விரல்களால் சுவிட்ச் வரிசையை ஒருமுறை வாசித்தார்.

"கடைசியில ஒண்ணு காலியா விட்டிருக்காங்க."

"பின்னாடி ஏதாவது வேணும்னா போட்டுக்கலாம்னு விட்டதுங்க ஐயா" என்றார் எலக்ட்ரீஷியன் அக்கா.

"அப்ப சரி."

ஏப்ரல் 3, வியாழன்

இருபத்துநான்கும் கொடுத்தாயிற்று, மூன்று நாள் தாமதம். அந்த நீலம் மறுபடி வரவில்லை. வரும்போது வரட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் மாமா உள்ளேயிருந்து, "மழை வரும்போல இருக்கு, துணியை எடுத்துடும்மா" என்றார். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நான் மாடிக்குப் போனேன். இவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்து, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக எல்லாவற்றையும் எடுத்து மடித்தோம்.

மழை வரவில்லை.