வராந்தாவில் தொங்கும் வெப்பமானி

என் வீட்டு மகாராணிக்கு,

நீ உன் அக்காவுக்குத் துணையாகப் போனதிலிருந்து நானே சமைத்து நானே பாராட்டிக்கொள்கிறேன். நம் சின்னவள் பாராட்டுவதில்லை.

பள்ளியில் கரண்ட் மிச்சம் பிடிக்கிறோம். வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டால்தான் வகுப்புகளில் ஃபேன் ஓடும் என்பது பெரிய சாரின் உத்தரவு. வகுப்புக்குள் மாட்டினால் பிள்ளைகள் உடைப்பார்களாம். அதனால் பியூனான நான் அதை வராந்தாவில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாட்டினேன். அது என்னைவிடச் சுகமாக இருக்கிறது. ஒருநாளும் கோட்டைத் தொட்டதில்லை.

சின்னவளின் வகுப்பு மேற்குப் பார்த்தது. இப்போதெல்லாம் அங்கே சத்தமே இல்லை. டீச்சருக்கு ஒரே பூரிப்பு.

"உங்க பொண்ணு வாயே தொறக்கறதில்லங்க, அவ்ளோ சமத்து!"

யாரைச் சொல்கிறார் பார், நம் வாயாடியை!

இன்று மத்தியானம் வெப்பமானியைக் கழற்றிக் கொண்டுபோய் அவள் பெஞ்சில் வைத்தேன். பாதரசம் கோட்டைத் தாண்டி ஏறியது. வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய சாரிடம் காட்டினேன்.

"உன்னை யாருய்யா கழட்டச் சொன்னது? நாளைக்குப் பரீட்சை. வெளியிலேருந்து பிட்டு வரும், ஜன்னலையெல்லாம் சாத்திவை."

விடிந்ததும் அந்த வகுப்பு ஜன்னல் கதவுகளைக் கழற்றி மரத்தடியில் போடப் போகிறேன். கீல் துருப்பிடித்துவிட்டது, எண்ணெய் போடுகிறேன் என்பேன். துரு எதுவும் இல்லை.

சின்னவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். உடம்பு லேசாகச் சுடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்புகிற வண்டியிலேயே ஏறிவிடு.

உன் சமையல்காரன்