புளியமரத்தடியில் ஒரு லத்தீன் சொல்

கன்றுக்குட்டிக்கு வாங்கிய புதுத் தேங்காய்நார்க் கயிற்றை இன்று பிரித்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம். உடனே பென்சிலைத் தேடினேன். ஆமாம் மாப்ள, இந்த வயதில் எனக்கு எழுத வந்துவிட்டது! ஒரு வரிக்கு நாலு தடவை அழிக்கிறேன். ஆனாலும் இது என் கையெழுத்து.

நீ மாதா கோயில் சாமியார் வீட்டுக் குசினியில் சமையல் பார்த்தாய். சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போகிறவர்களுக்கு அவர் லத்தீன் சொல்லிக்கொடுத்ததை மசாலா அரைத்தபடியே கேட்டு மனப்பாடம் பண்ணிவிட்டாய். நான் மாடு மேய்க்கையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிப்பாய். எனக்கு ஒன்றும் புரியாது, சிரிப்புத்தான் வரும்.

அந்த வருஷம் உயிர்த்த ஞாயிறுப் பாஸ்குப் பூசையில் சாமியாருக்கு லத்தீனில் பதில் சொல்லும் உபதேசியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். சாமியார் காத்து நின்றார். நம் தெருக்காரர்கள் கோயிலுக்குள் மரக்கிராதித் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நீ அதைத் தாண்டிப் போய், பீடத்தடியில் மண்டியிட்டு, முழுப் பூசைக்கும் லத்தீனில் பதில் சொன்னாய்.

சாமியார் கீரனூருக்கு வண்டியேறியதும் மேலத்தெருக்காரர்கள் உன்னைப் புளியமரத்துக்கு இழுத்துப்போனார்கள். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த என் மேல் ஒரு புதுத் தேங்காய்நார்க் கயிற்றை எறிந்தார்கள்.

"நீ கட்டுடா. இல்லாட்டி ஒன்னையும் சேத்து உரிச்சுப்புடுவோம்."

கட்டினேன்.

சாட்டையாலும் மண்வெட்டிக் காம்பாலும் அடித்தார்கள். உன் தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பல் ஒன்று என் காலடியில் விழுந்தது. அலறுவாய் என்று நினைத்தேன். நீ தலையை நிமிர்த்தி, ரத்தம் தெறிக்க, "வின்க்துஸ்! வின்க்தி! வின்க்தோ! வின்க்தும்!" என்று கத்தினாய்.

ஓங்கிய கை நின்றது. "டேய், சாமியாரு போடுற சாபம்டா இது! புள்ளகுட்டி வெளங்காது!" கம்புகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பூசை மொழியில் ஒருவன் கத்தினால் அது சாபம்தான் என்று நானும் நம்பினேன்.

கயிற்றை அவிழ்த்தபடி கேட்டேன்: "என்னையுமா சபிச்ச?"

"சாபமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வின்சீரேன்னா கட்டுறது. அதுலேருந்து பொறந்தது வின்க்துஸ், கட்டுப்பட்டவன். அப்பறம் கட்டுப்பட்டவனோட, கட்டுப்பட்டவனுக்கு, கட்டுப்பட்டவனை... சொல்லோட வால் மட்டும் மாறும் மாப்ள. அந்த வலியில வேற ஒண்ணும் வாயில வரல." சிரித்தாய். வாயெல்லாம் ரத்தம்.

கட்டியது யார் என்று சாமியார் கேட்டபோது, "மொகம் தெரியல சாமி" என்றாய். சாகும்வரை அதையே சொன்னாய்.

உன் மகள் இன்றும் என்னை "எங்கப்பாவ அவுத்துவிட்ட மாமா" என்றுதான் ஊருக்குச் சொல்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நாளை இந்தத் தாளோடு அவள் வீட்டுக்குப் போகிறேன். வேறு யாரையும் வாசிக்க விடமாட்டேன். எழுத்துக் கூட்டி நானே வாசிப்பேன். "கட்டினேன்" என்ற இடத்தில் நின்றுவிடாமல் வாசிக்கத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.