ஃபிளாஸ்கில் வந்த கழிவுநீர்

2025 ஜனவரி 6, திங்கள்
குப்பண்ணன் இன்றும் ஆய்வகத்துக்கு வந்தார். பால் ஆலைக்குக் கிழக்கே அவர் தோப்பு. நாங்கள் சுத்திகரித்து விடும் தண்ணீர் அவர் வாய்க்காலில்தான் போகிறது.
“ஏனுங்கம்மிணி, காத்தால வந்து பாருங்க. கஞ்சித்தண்ணியாட்டக் கெடக்குது. மாடு மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது.”
நான் அளந்தபோதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. யாரோ பொய் சொல்கிறார்கள். இவரா?

ஜனவரி 8
கழிவுநீர் நிலையத்து ஆபரேட்டர் சதீஷ், வெளியேறும் குழாயில் பிடித்த மாதிரித் தண்ணீரை டீ ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறார். ஏன் என்றேன்.
“அங்க தெர்மாமீட்டர் ஒடஞ்சு போச்சுங்க மேடம். சூடு எத்தனைன்னு நீங்க எழுதோணுமல்லங்க? ஆறாம கொண்டாறேன்.”
பதில் தயாராக இருந்தது. தயாராக இருக்கும் பதில்களை நான் நம்புவதில்லை.

ஜனவரி 9
விடிந்ததும் நானே வாய்க்காலில் மொண்டுவந்தேன். வெள்ளைக் கலங்கல். பத்து மணிக்குச் சதீஷ் கொண்டுவந்தது பளிங்கு. ஃபிளாஸ்கில் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுகிறாரா? வேறென்ன?
மேலாளர் ஜின்சனிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10
சதீஷை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிலையத்துச் சாவியோடு இன்றைய ஃபிளாஸ்க்கையும் என் மேசையில் வைத்தார். “நான் என்னங்க மேடம் பண்ணுனேன்?”
அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றினேன். பளிங்கு. அளப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.
திரும்பி வந்தால் — வெள்ளைக் கலங்கல். யாரும் தொடவில்லை. அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது.
புட்டியை வெந்நீரில் வைத்தேன், தெளிந்தது. ஆறவிட்டேன், கலங்கியது. மறுபடியும் அப்படியே.
நெய் அண்டாவைக் காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரால் கழுவினால் கொழுப்பு சோப்பாகிறது. சூட்டில் கரைந்து கண்ணுக்குத் தெரியாது. ஆறியதும் பிரிந்து வெள்ளையாகிவிடும். வேதியியல் படித்தவள் நான்!
அதைவிட, தொட்டி தொட்டியாகத் தங்கி வரும் தண்ணீர் சூடாக வருவானேன்? தினமும் சூட்டை அளந்து எழுதினேனே. அது ஏன் சூடாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. சந்தேகப்பட எனக்கு ஆள்தான் கிடைத்தார்.

ஜனவரி 11
குழாய்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நெய்ப் பிரிவிலிருந்து வரும் குழாய் எந்தத் தொட்டிக்கும் போகாமல், வெளியேறும் குழாயிலேயே நேராகச் சேர்கிறது.
சொன்னபோது ஜின்சன் ஆச்சரியப்படவில்லை. “சூட்டோட அளந்தா தெளிவாத்தான இருக்கு மேடம்? அப்பிடியே எழுதிட்டுப் போங்க.”
ஆக, இவருக்குத் தெரியும்.
ஆறவைத்து அளந்ததைத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவேன், சதீஷ் மேல் தவறில்லை என்றும் எழுதுவேன் என்றேன்.

ஜனவரி 13
இரண்டையும் அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 20
வாரியத்திலிருந்து ஆள் வந்துபோன பிறகு குழாயை அறுத்துத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். குப்பண்ணன் மாட்டை ஓட்டிவந்து என் எதிரிலேயே குடிக்கவிட்டார். “இன்னைக்குக் குடிக்குது. நாளைக்கும் பாக்கறனுங்க.”

ஜனவரி 22
சதீஷ் வேலைக்குத் திரும்பினார். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். கையில் ஃபிளாஸ்க் இல்லை. காலிக் கண்ணாடிப் புட்டியும் ஒட்டுக் காகிதமும்.
“நான் மொள்றப்ப நீங்க பக்கத்துல நில்லுங்க மேடம். மூடி மேல இத ஒட்டறேன், கையெழுத்துப் போட்டுருங்க. அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாதுங்க.”
வெளியேறும் குழாய் வாய்க்காலில் விழும் முனைவரை நடந்தோம். அவர் மொண்டார். புட்டி சில்லென்றிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.